ஒரு பிள்ளையோடு ஐந்து நிமிடம்: வகுப்பறைக் கேள்விகள் சில

என் ஐந்தாம் வகுப்பில் 38 பேர். பாடவேளை 40 நிமிடம். ஒவ்வொரு பிள்ளையோடும் தனித்தனியாக உட்கார்ந்து வாசிக்கக் கேட்பதெல்லாம் நடக்கிற காரியமா?

எல்லாரையும் தினமும் பார்க்க நினைத்தால் நடக்காது. ஒரு நாளைக்கு நான்கு பேர், ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்தில் வகுப்பு ஒரு சுற்று வந்துவிடும். எழுத்துக்கூட்டித் திணறுகிற ஐந்தாறு பேரை மட்டும் வாரத்துக்கு ஒரு முறை பாருங்கள். நன்றாக வாசிக்கும் பிள்ளை மூன்று வாரம் காத்திருந்தாலும் குடி முழுகிவிடாது.

மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்பதுதான் உண்மையான சிக்கல். முதல் இரண்டு வாரம் யாரையும் தனியாகப் பார்க்காதீர்கள். 20 நிமிடம் சத்தமில்லாமல் வாசிக்க, எழுத மட்டும் பழக்குங்கள். 'சந்தேகம் வந்தால் முதலில் பக்கத்தில் இருக்கிற இரண்டு பேரிடம் கேள், அப்புறம்தான் டீச்சரிடம்' என்ற ஒரே விதி போதும். பென்சில் முனை உடைந்ததற்கும் தண்ணீர் குடிப்பதற்கும் உங்களைத் தேடி வரக் கூடாது.

இன்னொன்று, பிள்ளையை மேசைக்குக் கூப்பிடாதீர்கள். நம் பள்ளிகளில் மேசைக்கு அழைப்பு வந்தால் திட்டு வாங்கத்தான் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு நீங்களே போய் எதிரே இல்லாமல் பக்கத்தில் உட்காருங்கள்.

கடகடவென்று வாசிக்கிறான். கேள்வி கேட்டால் முழிக்கிறான். ஏன்?

முதலில் அவன் வாசிக்கிறானா, ஒப்பிக்கிறானா என்று பாருங்கள். பாடப்புத்தகத்தை வகுப்பே கூட்டமாகச் சொல்லிச் சொல்லிப் பாதி மனப்பாடம் ஆகியிருக்கும். பத்தியின் கடைசி வரியை முதலில் வாசிக்கச் சொல்லுங்கள். படத்தைக் கையால் மறையுங்கள். இல்லாவிட்டால் அவன் பார்த்திராத கதை ஒன்றைக் கொடுங்கள். தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் 'நுழை, நட, ஓடு, பற' என்று நான்கு படிகளில் வந்திருக்கின்றன. 'ஓடு' வாசிப்பான் என்று நினைத்த பையன் 'நட'யில் தடுக்கி விழுவதைப் பார்க்கலாம்.

உண்மையாகவே வாசிக்கிறான், ஆனால் புரியவில்லை என்றால், 'குரங்கு எங்கே போனது?' மாதிரி கேள்விகளை விடுங்கள். அதற்குப் புத்தகத்திலிருந்தே ஒரு வரியைப் பொறுக்கிச் சொல்லிவிடுவான். 'உன் தங்கச்சிக்கு இந்தக் கதையைச் சொல்லு' என்று கேட்டுப் பாருங்கள்.

'குதித்தது' என்று இருப்பதை 'குதிச்சுது' என்று வாசிக்கிறாள். திருத்த வேண்டாமா?

வேண்டாம். எழுத்தைப் பார்த்து, பொருள் புரிந்து, தன் பேச்சில் சொல்லியிருக்கிறாள். அச்சில் உள்ளபடி வாசிப்பது பின்னால் வரும். 'குதித்தது' என்பதைக் 'குறித்தது' என்று வாசித்துவிட்டு நிற்காமல் போனால்தான் கவலைப்பட வேண்டும். அங்கே அர்த்தமே மாறியும் அவள் கவனிக்கவில்லை.

கட்டுரை நோட்டில் வரிக்கு நான்கு பிழை. எங்கிருந்து தொடங்குவது?

ஒரு நான்காம் வகுப்புப் பிள்ளை இப்படி எழுதியிருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம்: 'நேத்து எங்க ஆட்டு குட்டி காணம். அம்மா அளுதாங்க. நா தேடுனேன். கெணத்துகிட்ட இருந்துச்சு.'

கை தானாகச் சிவப்புப் பேனாவைத் தேடும். மூடி வையுங்கள். முதலில் நீங்கள் கேட்க வேண்டியது, 'ஐயோ, கிணத்துக்குள்ள விழுந்திருக்குமோன்னு பயந்தியா?' அவள் சொல்ல ஆரம்பிப்பாள். கிணற்றைச் சுற்றி முள்வேலி இருந்ததும் குட்டியின் கால் அதில் மாட்டிக்கொண்டதும் அப்போதுதான் வெளியே வரும். 'இதை ஏன் எழுதல? எழுது, அடுத்த வாரம் வாசிச்சுக் காட்டு' என்று சொல்லுங்கள். நான்கு வரி எட்டு வரியாகிவிடும்.

பிழைகளில் ஒன்றே ஒன்றை எடுங்கள். நானாக இருந்தால் 'அளுதாங்க'வை எடுப்பேன், ஏனென்றால் ழகரம் அவள் எழுத்தில் திரும்பத் திரும்ப வரப்போகிறது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் 'என் சொற்கள்' என்று தலைப்பிட்டு அழு, விழு, எழுது என்று அவளையே எழுத வையுங்கள். 'ஆட்டுக்குட்டி'யில் வரும் க் ஒற்று அடுத்த முறைக்கு. 'காணம்', 'நா', 'இருந்துச்சு' எல்லாம் பேச்சு வழக்கு. அம்மா பேசுவதாக எழுதும்போது அது அப்படியே இருக்கலாம், கதை சொல்லும் இடத்தில் எழுத்து வழக்கு வேண்டும் என்று இன்னொரு நாள் மொத்த வகுப்புக்கும் சொல்லிவிடலாம். ஒரே பிழையை பத்துப் பேர் செய்தால் பத்துத் தனிச் சந்திப்பு எதற்கு? கரும்பலகை இருக்கிறதே.

எல்லாப் பிழையையும் வட்டமிட்டுத் தந்தால் அடுத்த தடவை அவள் பிழையே வராத 'எங்கள் வீட்டில் ஆடு உள்ளது' என்ற வரியைத்தான் எழுதுவாள்.

100 சொல்லில் 10-க்கு மேல் தவறினால் புத்தகம் கடினம் என்று பயிற்சியில் சொன்னார்கள். தமிழுக்கு இது சரியா?

பிள்ளை வாசிக்க வாசிக்கத் தவறுகளைக் குறித்துக்கொள்ளும் 'வாசிப்புப் பதிவு' என்ற முறையை நியூசிலாந்துக் கல்வியாளர் மேரி கிளே உருவாக்கினார். அதோடு சேர்ந்து வந்த கணக்கு அது, ஆங்கில வாசிப்பை வைத்து எழுந்தது. தமிழில் 'வந்துகொண்டிருந்தவர்களையெல்லாம்' என்பது ஒரே சொல். அதில் 'யெல்லாம்' மட்டும் விட்டாலும் ஒரு பிழை, மொத்தமும் தெரியாவிட்டாலும் ஒரு பிழை என்றால் எண்ணிக்கை எதைக் காட்டும்? எண்ணுங்கள், ஆனால் என்ன மாதிரித் தவறு என்பதையும் பக்கத்தில் குறியுங்கள்: கொம்பு, துணைக்கால் குழப்பமா, நீளச் சொல்லின் வாலை விழுங்குகிறானா, ஊகித்துச் சொல்கிறானா? அடுத்த ஐந்து நிமிடத்தை எதற்குச் செலவிடுவது என்பது அதிலிருந்துதான் தெரியும்.

பதிவேடு எப்படி வைப்பது?

பிள்ளைக்கு ஒரு பக்கம் என்று ஒரே நோட்டு. தேதி, வாசித்தது, கண்டது ஒன்று, அடுத்து செய்ய வேண்டியது ஒன்று. இரண்டு வரிக்கு மேல் எழுதினால் ஒரு மாதத்தில் விட்டுவிடுவீர்கள்.

பக்கத்தில் உட்கார்ந்தாலே வாயைத் திறப்பதில்லை.

நீங்கள் வாசியுங்கள். வேண்டுமென்றே ஒரு சொல்லைத் தப்பாக வாசியுங்கள். டீச்சர் தப்பு செய்தால் திருத்தாமல் இருக்கிற பிள்ளை குறைவு. அதுவும் பலிக்காவிட்டால் நீங்களும் பிள்ளையும் சேர்ந்து ஒரே குரலில் வாசித்துக்கொண்டே, நடுவில் உங்கள் குரலைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒரு சந்திப்பில் ஒரு வரிதான் வந்தது என்றாலும் சரி, எழுந்து போய்விடுங்கள்.

நான் அம்மா. எனக்கு அவ்வளவாகப் படிக்க வராது. வீட்டில் நான் என்ன செய்ய முடியும்?

கேட்கலாம். சமையல் வேலையின்போது பக்கத்தில் உட்காரவைத்து வாசிக்கச் சொல்லுங்கள். 'அப்புறம்?' என்று கேளுங்கள். சரியா தப்பா என்று பார்ப்பதைப் பள்ளி பார்த்துக்கொள்ளும்.