அவர் சம்பளம் ஏறும்வரை காத்திருக்கவா?

கேள்வி: எனக்கு வயது 27. கணக்காய்வு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன், மாதம் 5,200 வெள்ளி. நான் மணக்கப்போகிறவருக்கு 28. கிடங்கில் மேற்பார்வையாளர், 3,300 வெள்ளி. இரவில் பட்டப்படிப்பு படிக்கிறார். தெங்காவில் பிடிஓ வீடு (முன்பதிவு பெற்று அரசாங்கம் கட்டித்தரும் வீடு) எடுத்திருக்கிறோம், அடுத்த ஆண்டு சாவி. “அவன் உன் அளவுக்குச் சம்பாதிக்கட்டும். 30 வயதுக்கு மேல் கட்டினால்தான் நிலைக்கும்” என்கிறார் அம்மா. தள்ளிப்போடலாமா? – ஈசூன் வாசகி

பதில்: சகோதரி, அம்மா சொல்வதில் பாதி சரி. சின்ன வயதுத் திருமணங்கள் அதிகம் முறிகின்றன என்பது பல நாடுகளில் கண்ட உண்மை. இங்கே சிங்கப்பூரிலும் 21 வயது நிரம்பாதவர் பதிவு செய்யப் போனால் பெற்றோர் சம்மதமும் வேண்டும், திருமண ஆயத்த வகுப்பும் போக வேண்டும். ஆனால் அந்த பயமெல்லாம் 20-களின் தொடக்கத்துக்கு. 27ஐயும் 30ஐயும் பிரிக்கும் பெரிய சுவர் எதுவும் இல்லை.

ஏன் இள வயதில் ஆபத்து? வேலரி ஓப்பன்ஹைமர் என்ற சமூகவியலாளர் 1988இல் இதை யோசித்திருக்கிறார். 22 வயதுப் பையன் எந்த வேலையில் நிலைப்பான், எப்படிப்பட்ட ஆளாவான் என்று அவனுக்கே தெரியாது. அது தெளியட்டும் என்றுதான் பலரும் கல்யாணத்தைத் தள்ளிப்போடுகிறார்கள் என்பது அவர் வாதம். உங்கள் ஆள் பகலில் கிடங்கு, இரவில் வகுப்பு என்று ஓடுகிறார். தெளிய வேண்டியது தெளிந்துவிட்டதாகவே எனக்குப் படுகிறது.

இனி சம்பளம். பொருளாதார அறிஞர் கேரி பெக்கரும் இரு ஆய்வாளர்களும் 1977இல் எழுதியதை உங்கள் அம்மாவுக்குச் சொல்லலாம். மணவாழ்க்கையை ஆட்டுவது வருமானம் எதிர்பார்த்ததைவிட்டு விலகுவது என்றார்கள். குறைந்தால் மட்டுமில்லை, எதிர்பாராமல் கூடினாலும் ஆடுமாம்! 3,300 என்று தெரிந்தே கட்டிக்கொள்பவருக்கு 3,300 அதிர்ச்சி தராது. “படிப்பு முடிந்ததும் 6,000 வரும்” என்று மனக்கணக்குப் போட்டுவிட்டு அது வராதபோதுதான் முணுமுணுப்பு தொடங்கும். அந்தக் கணக்கு உங்கள் மனதில் இருக்கிறதா? இருந்தால் அவரிடம் சொல்லியிருக்கிறீர்களா?

அலெக்ஸாண்ட்ரா கில்லிவால்ட் என்ற சமூகவியலாளர் 2016இல் 6,000க்கும் மேற்பட்ட அமெரிக்கத் தம்பதிகளின் விவரங்களை அலசினார். 1975க்குப் பின் மணந்தவர்களில், கணவருக்கு முழுநேர வேலை இருந்தால் அடுத்த ஓராண்டில் மணமுறிவுக்கான வாய்ப்பு 2.5 விழுக்காடு, இல்லாவிட்டால் 3.3. மனைவி எவ்வளவு சம்பாதிக்கிறார் என்பதால் முறிவு கூடவில்லை. 2004இல் வந்த இன்னோர் அமெரிக்க ஆய்வு எனக்குப் பிடித்தது. உடல் ஊனத்தால் வேலை போன வீடுகளில் மணமுறிவு கூடவில்லை. ஆட்குறைப்பில் ஒருவரை மட்டும் அனுப்பிவிட்டால் கூடியது. தொழிற்சாலையே மூடி எல்லோருக்கும் வேலை போனபோது கூடவில்லை. எல்லா வீட்டிலும் பண நெருக்கடி ஒன்றுதான். “இவரை மட்டும் ஏன் அனுப்பினார்கள்?” என்ற சந்தேகம்தான் வேலை செய்திருக்கிறது. நீங்கள் அவரை மதிக்கிறீர்களா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள், சம்பளச் சீட்டை அப்புறம் பார்க்கலாம்.

இங்கே பேச வேண்டியது வேறு சில விஷயங்கள். வீட்டுக்கடனுக்கு உங்கள் மத்திய சேமநிதியிலிருந்து (மசேநிதி) அதிகம் போகும். எவ்வளவு என்று இருவரும் ஒரு தாளில் எழுதுங்கள். அவர் தன் பெற்றோருக்கு மாதம் என்ன கொடுக்கிறார், நீங்கள் என்ன கொடுக்கிறீர்கள்? குழந்தை பிறந்து 16 வார விடுப்பு முடிந்ததும், கூடுதல் சம்பளக்காரர் நீங்கள் என்பதால் அவர் வேலையைக் குறைத்துக்கொள்வாரா? மாமியார் வீட்டில் அதற்கு என்ன சொல்வார்கள்? கோப்பிக்கடையில் அரை மணி நேரத்தில் முடிகிற பேச்சில்லை இது. அதில் அவர் முகம் சுளித்தால், அப்போது தள்ளிப்போடுவதைப் பற்றி யோசியுங்கள்.

சாவி விஷயமும் இருக்கிறது. மணமாகாத ஜோடியாக எடுத்த வீடென்றால், சாவி வாங்கி 3 மாதத்துக்குள் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்திடம் (வீவக) திருமணச் சான்றிதழ் காட்ட வேண்டும். ஆகவே 30 வரை என்பது நடக்காது. வீட்டை விட்டுவிடலாம் என்றால், குத்தகை ஒப்பந்தத்தில் கையெழுத்தான பிறகு விலையில் 5 விழுக்காடு போய்விடும். வீட்டுக்காகக் கல்யாணம் செய்யாதீர்கள் என்று எல்லோருக்கும் சொல்வேன். உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை போலிருக்கிறது.

அம்மாவுக்கு உண்மையில் உறுத்துவது எது என்று நான் ஊகிக்கிறேன். கோயில் மண்டபத்தில் யாராவது ஓர் அத்தை, “மாப்பிள்ளை என்ன சம்பளம்?” என்று கேட்பார். அதற்கு என்ன பதில் சொல்வது என்பதுதான். நம்மவர்களில் பலர் செய்வதுபோல் பதிவை முதலில் முடித்துவிட்டு, அவர் பட்டம் வாங்கிய பிறகு தாலி கட்டும் சடங்கை வைத்துக்கொள்ளலாம். அத்தைக்குப் பதில் சொல்ல அம்மாவுக்கும் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும்.