காதுக்கு நூறு, வாய்க்குப் பத்து

கேள்வி: திருமங்கலத்தைச் சேர்ந்த நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்து, பி.காம். முடித்திருக்கிறேன். இலந்தைக்குளம் ஐ.டி. பூங்காவில் உள்ள ஒரு நிறுவனத்தில் வேலை. இங்கிலாந்து வாடிக்கையாளர்களின் புகார்களைத் தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் கவனிக்க வேண்டும். இலக்கணப் பிழை இல்லாமல் பேசிவிடுகிறேன். ஆனால் அவர்கள் பேசுவதில் பாதி புரிவதில்லை. ஆங்கில மரபுத்தொடர்ப் புத்தகம் ஒன்றை வாங்கி மனப்பாடம் செய்தேன். மதுரையில் மழை கொட்டிய ஒரு நாளில் 'ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' என்று சொன்னேன், எதிர்முனையில் சிரித்துவிட்டார்கள். லண்டனில் இருக்கும் மேலாளர் என் அறிக்கையைப் படித்துவிட்டு 'நாட் பேட் அட் ஆல்' என்று எழுதினார். அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. எத்தனை மரபுத்தொடர்கள் தெரிந்திருந்தால் போதும்? தமிழ் வழியில் படித்ததுதான் என் குறையா? வேண்டியதைச் செய்யுங்கள் என்ற பொருளில் 'டு தி நீட்ஃபுல்' என்று எழுதக் கூடாது என்கிறார் உடன் வேலை செய்பவர். அது சரியா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புத் தங்கைக்கு,

மேலாளர் உங்களைப் பாராட்டியிருக்கிறார். 'நாட் பேட் அட் ஆல்' என்று ஓர் ஆங்கிலேயர் எழுதினால், வேலை நன்றாக வந்திருக்கிறது என்று பொருள். புகழ்வதாக இருந்தாலும் கண்டிப்பதாக இருந்தாலும் அளவைக் குறைத்துச் சொல்வது அவர்கள் வழக்கம். ஒரு வாடிக்கையாளர் 'ஐ அம் எ பிட் டிஸப்பாயின்டட்' என்று மென்மையாகச் சொன்னால், அந்த 'எ பிட்' என்பதை நம்பி அவருக்குக் கொஞ்சம்தான் வருத்தம் என்று எண்ணிவிடாதீர்கள். அவர் நல்ல கோபத்தில் இருக்கிறார். 'குவைட் குட்' என்பதை அமெரிக்கர் சொன்னால் மிக நன்று. ஆங்கிலேயர் சொன்னால் பெரும்பாலும் சுமார்தான், பரவாயில்லை என்ற அளவு. பேச்சைத் தொடங்கும்போது 'யூ ஆல்ரைட்?' என்று கேட்டால் உங்கள் உடல்நிலையைப் பற்றிய கவலை அல்ல. நம் தெருவில் எதிர்ப்படுகிறவர் 'என்ன, சாப்பாடு ஆயிற்றா?' என்று கேட்பதைப் போன்ற முகமன் அது.

அடுத்து மழைக்கு வருகிறேன். நாயும் பூனையுமாக மழை பெய்யும் அந்தத் தொடர் பதினேழாம் நூற்றாண்டிலிருந்து ஆங்கிலத்தில் இருக்கிறது. ஏன் நாய், ஏன் பூனை என்பதற்கு உறுதியான விளக்கம் கிடையாது. கூரை வேய்ந்த வீடுகளின் மேலிருந்து பிராணிகள் வழுக்கி விழுந்த கதை ஆதாரம் இல்லாதது. இன்றைய இங்கிலாந்தில் அதைப் பேச்சில் சொல்பவர்கள் குறைவு. பழைய பாடப்புத்தக வாசனை அடிக்கும். 'இட்ஸ் பக்கெட்டிங் டவுன்' என்பார்கள், அல்லது வெறுமனே 'ஹெவி ரெயின்' என்பார்கள். நீங்கள் இரண்டாவதைச் சொன்னால் போதும். சிரித்தவர்கள் உங்களை இகழ்ந்து சிரித்திருக்க மாட்டார்கள். வெகுநாளாகக் காதில் விழாத ஒன்றைக் கேட்ட வியப்பாகத்தான் இருக்கும்.

அப்படியானால் புத்தகங்களில் அது ஏன் முதல் பக்கத்திலேயே இருக்கிறது? எஸ்.எஸ்.சி. போன்ற போட்டித் தேர்வுகளில் மரபுத்தொடர்களுக்குப் பொருள் கேட்கிறார்கள். அந்த மதிப்பெண்ணுக்காகத் தொகுக்கப்பட்ட பட்டியல்களே கடைகளில் நிறைந்து கிடக்கின்றன. தேர்வு எழுதுகிறவர்களுக்கு அவை உதவும். ஆனால் அந்தப் பட்டியல் ஒரு தொடரின் பொருளை மட்டும் சொல்கிறது. அதை யார், யாரிடம், எந்த நேரத்தில் சொல்லலாம் என்பதைச் சொல்வதில்லை. தொலைபேசியில் பேசுகிற உங்களுக்கு அதுதான் முக்கியம்.

இதைப் புரிந்துகொள்ளத் தமிழ் வழிப் படிப்பு உங்களுக்குத் தடை இல்லை, துணை. பள்ளியில் தகுதி வழக்கு என்று ஒரு பாடம் படித்திருப்பீர்கள்: சொல்லக் கூசுவதை மறைத்துச் சொல்லும் இடக்கரடக்கல், துக்கமானதை நல்ல சொல்லால் சொல்லும் மங்கலம், ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் வழங்கும் குழூஉக்குறி. நன்னூல் வகுத்த அந்த மூன்று பெட்டிகளில் ஆங்கிலத்தின் அன்றாடப் பேச்சைப் போட்டுப் பாருங்கள், எவ்வளவு தெளிவாகிறது என்று தெரியும். இடக்கரடக்கலாக நாம் சொல்லும் 'கால் கழுவி வந்தேன்' என்பதற்கு இணையாக அவர்களிடம் 'லூ', 'பாத்ரூம்', அமெரிக்கர்களிடம் 'ரெஸ்ட்ரூம்' என்று ஒரு வரிசையே இருக்கிறது. அது சுலபம், விட்டுவிடலாம்.

மங்கலத்தில்தான் மிகுந்த கவனம் வேண்டும். 'வி லாஸ்ட் டாட் இன் மார்ச்' என்று ஒரு பெண் தொலைபேசியில் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா மார்ச் மாதம் இறந்துவிட்டார், அவர் பெயரில் இருக்கும் கணக்கை முடிக்க வேண்டும் என்பதற்காக அழைத்திருக்கிறார். 'லாஸ்ட்' என்பதைத் தொலைந்துபோனதாக எடுத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டுவிட்டால் அந்தப் பெண்ணின் மனம் என்ன பாடுபடும்! 'ஹி ஹேட் எ குட் இன்னிங்ஸ்' என்று ஒருவர் சொன்னால் கிரிக்கெட்டைப் பற்றிப் பேசவில்லை. நம் ஊரில் கல்யாணச் சாவு என்கிறோமே, அப்படி நிறைவாக வாழ்ந்து முடித்த முதியவரைப் பற்றிச் சொல்கிறார். இவற்றைக் கேட்டதும் 'ஐ அம் சோ சாரி டு ஹியர் தட்' என்று சொல்லி, ஒரு நொடி நிறுத்தி, பிறகு வேலையைத் தொடங்குங்கள். உங்கள் புத்தகத்தில் இறப்பு என்ற தலைப்பின் கீழ் 'பாஸ் அவே' என்பதும் 'கிக் தி பக்கெட்' என்பதும் அடுத்தடுத்து இருக்கும், பொருள் ஒன்றே என்று. முதலாவது துக்க வீட்டில் சொல்லத்தக்கது. இரண்டாவது நண்பர்களுக்குள் விளையாட்டாகச் சொல்வது. துக்கத்தில் இருப்பவரிடம் ஒருபோதும் வாயில் வரக் கூடாதது. இப்படிப் பிரித்துக் காட்டாத பட்டியலை நம்பிப் பேசுவது ஆபத்து என்று நான் சொல்வது இதனால்தான்.

குழூஉக்குறி உங்கள் மேலாளரின் மின்னஞ்சல்களில் இருக்கும். பொன்னைப் பறி என்று பொற்கொல்லர்கள் சொன்னதாகப் படித்தோம். நம் பக்கத்து மாட்டுச் சந்தைகளில் தரகர்கள் துண்டைப் போட்டு மூடி விரல் பிடித்து விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். அலுவலக ஆங்கிலமும் அப்படி ஒரு கூட்டத்தின் பேச்சு. 'டச் பேஸ்' என்றால் சுருக்கமாகப் பேசிக்கொள்வது, 'பால்பார்க் ஃபிகர்' என்றால் தோராயக் கணக்கு, 'ரெயின் செக்' கேட்டால் இப்போது முடியாது, இன்னொரு நாள் பார்க்கலாம் என்பது. மூன்றும் அமெரிக்காவின் பேஸ்பால் மைதானத்திலிருந்து வந்தவை. மழையால் ஆட்டம் நின்றுபோனால், பிறகொரு நாள் வந்து பார்க்கக் கொடுத்த சீட்டுதான் 'ரெயின் செக்'. நமக்கு அந்த ஆட்டம் தெரியாததால் தொடரும் ஒட்டுவதில்லை. இங்கிலாந்துக்காரர்கள் கிரிக்கெட்டிலிருந்து எடுத்தவை நமக்கு எளிது. 'பை க்ளோஸ் ஆஃப் ப்ளே' என்று எழுதினால் அன்றைய வேலை நேரம் முடிவதற்குள் வேண்டும் என்கிறார். 'ஆன் தி பேக் ஃபுட்' என்றால் தற்காப்பு நிலைக்குத் தள்ளப்பட்டது. 'ஸ்டிக்கி விக்கெட்' என்பது சங்கடமான நிலைமை. ஆடுகளத்தை மூடிவைக்கும் பழக்கம் வராத காலத்தில், மழையில் நனைந்த களம் வெயிலில் காயும்போது பந்து எப்படி எழும்பும் என்றே சொல்ல முடியாது.

ஆனால், தங்கையே, உங்கள் வேலையின் உயிர் கோபமாக அழைக்கும் வாடிக்கையாளரிடம் இருக்கிறது. 'ஐ ஹேவ் பீன் பாஸ்ட் ஃப்ரம் பில்லர் டு போஸ்ட்' என்றால் ஆளாளுக்கு அடுத்தவரிடம் தள்ளி என்னைப் பந்தாடிவிட்டீர்கள் என்கிறார். 'டோன்ட் ஃபாப் மீ ஆஃப்' என்றால் சாக்குச் சொல்லி என்னை அனுப்பப் பார்க்காதே. 'திஸ் இஸ் ஜஸ்ட் நாட் ஆன்' என்றால் இது கொஞ்சமும் முறையில்லை. 'ஐ அம் அட் தி எண்ட் ஆஃப் மை டெதர்' என்பது இவற்றிலேயே கடுமையானது. டெதர் என்பது மேயும் மாட்டைக் கட்டிவைக்கும் கயிறு. கயிறு எட்டும் தூரம் வரை போயாயிற்று, இனி ஓர் அடியும் நகர முடியாது என்ற நிலை. அமெரிக்கர்கள் இதையே 'ரோப்' என்று சொல்வார்கள். இதைக் கேட்டவுடன் நிறுவனத்தின் விதிமுறையை விளக்கத் தொடங்கினால் அவர் வெடித்துவிடுவார். 'லெட் மீ சார்ட் திஸ் அவுட் ஃபார் யூ' என்று பொறுப்பை முதலில் கையில் எடுங்கள்.

சின்னச் சின்னச் சொற்களையும் கவனியுங்கள். 'ஹாஃப் செவன்' என்று ஆங்கிலேயர் சொன்னால் ஏழரை மணி. 'ஃபோர்ட்நைட்' இரண்டு வாரம். 'புட் ஆஃப்' தள்ளிப்போடுவது, 'கால் ஆஃப்' அடியோடு ரத்து செய்வது. 'புட் த்ரூ' தொலைபேசியில் இணைத்துவிடுவது, 'கட் ஆஃப்' இணைப்பு அறுந்துபோவது. ஃப்ரேசல் வெர்ப் எனப்படும் இந்தச் சிறு கூட்டுகள் பேச்சின் ஒவ்வொரு நிமிடத்திலும் வந்து விழுகின்றன. மழைக்கும் நாய்க்கும் செலவிட்ட உழைப்பை இவற்றுக்குக் கொடுத்திருந்தால் பாதிச் சிரமம் இந்நேரம் தீர்ந்திருக்கும்.

எத்தனை என்று கேட்டீர்கள். காதுக்கு நூறு தெரியட்டும், வாய்க்குப் பத்து போதும். மரபுத்தொடர் ஒரு சொல் பிசகினாலும் கெட்டுவிடும். 'அவனைக் கை கழுவிவிட்டான்' என்பதை, கையும் கரமும் ஒன்றுதானே என்று 'கரம் கழுவிவிட்டான்' என்று ஒரு வெளிநாட்டவர் சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்? அதனால் பேசுவதற்குத் தேவையானவற்றை மட்டும் நாக்கில் பழக்குங்கள். கணினியில் தேடும் நேரத்தில் 'பேர் வித் மீ', விசாரித்துச் சொல்வதாக இருந்தால் 'ஐ வில் லுக் இன்டு இட்', பிறகு தொடர்புகொள்வதாக இருந்தால் 'ஐ வில் கெட் பேக் டு யூ', மறுக்க வேண்டியிருந்தால் தொடக்கத்தில் 'ஐ அம் அஃப்ரெய்ட்'. கடைசியாகச் சொன்னதில் பயம் எதுவும் இல்லை. மன்னிக்கவும் என்ற பணிவு அது. புரியாதபோது 'சாரி, ஐ டிடன்ட் குவைட் கேட்ச் தட்' என்று கேளுங்கள். அல்லது நீங்கள் புரிந்துகொண்டதை எளிய ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்லி, 'இஸ் தட் ரைட்?' என்று முடியுங்கள். ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கும் இது தேவைப்படுகிறது. இரண்டாம் உலகப் போரின்போது ஒரு திட்டத்தை 'டேபிள்' செய்ய வேண்டும் என்று பிரிட்டிஷ் தளபதிகள் சொன்னார்கள். உடனே விவாதிக்க வேண்டும் என்பது அவர்கள் கருத்து. அமெரிக்கர்களுக்கு அதே சொல் ஒத்திப்போடுவதைக் குறிக்கும். இரு தரப்பும் விரும்பியது ஒன்றே என்று தெரிவதற்குள் நெடுநேரம் கசப்பாக வாதாடியதைச் சர்ச்சில் எழுதிவைத்திருக்கிறார்.

'டு தி நீட்ஃபுல்' தவறு இல்லை. ஒருகாலத்தில் இங்கிலாந்தில் புழங்கியதுதான். அங்கே பழசாகிவிட்டது, இங்கே தங்கிவிட்டது. சென்னை அலுவலகத்துக்கு எழுதும்போது தாராளமாக எழுதுங்கள். லண்டனுக்கு 'குட் யூ ப்ளீஸ் லுக் இன்டு திஸ்?' என்று எழுதினால் தெளிவாக இருக்கும். நம் நாட்டு வழக்குகளில் நிஜமாகவே குழப்பம் தருபவை வேறு. கேள்வி கேட்பதற்காக 'ஐ ஹேவ் எ டவுட்' என்றால் நீங்கள் அவரை நம்பவில்லை என்று எடுத்துக்கொள்வார். 'ஐ ஹேவ் எ கொஸ்டின்' என்று சொல்லுங்கள். 'ஐ வில் ரிவர்ட்' என்பதைப் பதில் எழுதுவேன் என்று நாம் புரிந்துகொள்கிறோம். அவர்களுக்கு அது பழைய நிலைக்குத் திரும்புவது. கல்லூரி முடித்ததைப் 'பாஸ்ட் அவுட்' என்று சொன்னால் மயங்கி விழுந்ததாக நினைப்பார்கள்; 'கிராஜுவேட்டட்' போதும். குறித்த நாளுக்கு முன்னதாக வைத்துக்கொள்வதைச் சொல்லும் 'ப்ரீபோன்' நாம் ஆங்கிலத்துக்குக் கொடுத்த நல்ல சொல் என்பது என் கருத்து, ஆக்ஸ்ஃபோர்டு அகராதியும் ஏற்றுக்கொண்டுவிட்டது. இருந்தாலும் வாடிக்கையாளரிடம் 'பிரிங் ஃபார்வர்ட்' என்றே சொல்லுங்கள்.

இனி எங்கே கற்பது? பட்டியல் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, மொழி கற்பவர்களுக்கென்றே தயாரிக்கப்படும் அகராதியைத் திறங்கள். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஹார்ன்பி என்ற ஆசிரியர், தம் மாணவர்கள் எங்கெல்லாம் திணறினார்கள் என்று பார்த்துப் பார்த்து உருவாக்கி 1942இல் டோக்கியோவில் வெளிவந்த அகராதிதான், இன்று ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் அகராதியாக வளர்ந்து நிற்கிறது. அதில் ஒவ்வொரு தொடருக்கும் பக்கத்தில் பழைய வழக்கு, நட்புப் பேச்சு, பிரிட்டிஷ், அமெரிக்கன் என்று குறிப்பு இருக்கும். பொருளுக்கு முன்னால் அந்தக் குறிப்பைப் படியுங்கள். புதுநத்தம் சாலையில் 2023இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு விடுமுறை நாளில் போய் உட்கார்ந்தால் நிம்மதியாகப் படிக்கலாம். காதுப் பழக்கத்துக்கு பி.பி.சி.யின் 'தி இங்கிலீஷ் வி ஸ்பீக்' நிகழ்ச்சியைக் கேளுங்கள். ஒரு தடவைக்கு ஒரே ஒரு தொடர், சில நிமிடங்களே. பஸ்ஸில் போகும்போதே கேட்டுவிடலாம்.

ஒரு நோட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அழைப்பு முடிந்ததும், புரியாமல் போன தொடரைத் தமிழ் எழுத்தில் ஒலிப்படியே எழுதுங்கள். பேசியவர் ஆணா பெண்ணா, என்ன வயதிருக்கும், கோபமா வருத்தமா, எந்தச் சிக்கல் என்பதையும் அதன் பக்கத்தில் குறித்துவையுங்கள். வாடிக்கையாளரின் பெயரும் கணக்கு விவரமும் அதில் வேண்டாம். வாரக் கடைசியில் அகராதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிடிபடாதவற்றை எனக்கு எழுதுங்கள். இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் இதே வேலையில் இருக்கும் மற்ற வாசகர்களும் தாங்கள் கேட்டவற்றை அனுப்பினால், பொருளும் பயன்படும் இடமும் சேர்த்து வரும் இதழ்களில் வெளியிடுகிறேன்.