சி-யில் எழுதியதால்தான் சிஸ்டம்டி வேகமா?

"ஷெல் ஸ்கிரிப்டை விட்டுவிட்டு கம்பைல் செய்த நிரலுக்கு மாறியதால்தான் லினக்ஸ் சீக்கிரம் பூட் ஆகிறதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பாதிதான் உண்மை. முன்பு பூட் ஆகும்போது சர்வீஸ்களை (பின்னணியில் ஓடும் நிரல்கள்) கிளப்பியவை இனிட் ஸ்கிரிப்டுகள் என்ற ஷெல் ஸ்கிரிப்டுகள். இப்போது பெரும்பாலும் அதைச் செய்வது சிஸ்டம்டி என்ற சி நிரல்.

கட்டளைகளைப் படித்து ஓட்டும் ஷெல்லால் தனியாக அதிகம் செய்ய முடியாது. ஒரு வரியிலிருந்து ஒரு சொல்லை உருவ வேண்டுமென்றாலும் கிரெப், ஆக், செட் போன்ற குட்டி நிரல்களைத்தான் கூப்பிடும். ஒவ்வொரு முறையும் புது பிராசஸ் (ஓடும் நிரல்) பிறந்து, லைப்ரரிகளை ஏற்றி, நாலு எழுத்தைத் துப்பிவிட்டுச் சாகும். 2010-இல் சிஸ்டம்டியை அறிவித்தபோது அதை உருவாக்கியவர்களில் ஒருவரான லெனார்ட் பொயட்டரிங் தன் கணினியின் இனிட் ஸ்கிரிப்டுகளை எண்ணிப் பார்த்தார்: கிரெப் 77 இடம், ஆக் 92, செட் 74. உபுண்டு என்ற லினக்ஸ் வகையோ 2006-லேயே, 6.10 பதிப்பில், ஸ்கிரிப்டுகளை ஓட்ட பாஷ் என்ற ஷெல்லுக்குப் பதில் டேஷைக் கொண்டுவந்தது. ஸ்கிரிப்ட் ஸ்கிரிப்டாகவே இருந்தது, ஷெல் மட்டும் இலகுவானது.

மீதிப் பாதி, வரிசையில் நிற்பது. பழைய முறையில் 19-ஆம் எண் ஸ்கிரிப்ட் முடிந்தால்தான் 20 கிளம்பும். சிஸ்டம்டி எல்லா சாக்கெட்டுகளையும் (சர்வீஸ்கள் செய்தி வாங்கும் வாசல்கள்) முதலில் திறந்து வைத்துவிட்டு சர்வீஸ்களை ஒரே நேரத்தில் கிளப்புகிறது. பதிவேடு எழுதும் சிஸ்லாக் எழுந்திருக்கும்வரை அதற்கு வரும் செய்திகளை லினக்ஸின் மையமான கெர்னல் பிடித்து வைத்திருக்கும். இது வடிவமைப்பின் வேகம், கம்பைலரின் வேகம் அல்ல. ஆனால் இந்த வேலையை ஷெல்லில் எழுத உட்கார்ந்தால் தாவு தீர்ந்துவிடும்.

எனக்கு ஸ்கிரிப்ட் மேல் வெறுப்பு வந்தது வேறு காரணத்தால். ஒருமுறை மின்வெட்டுக்குப் பிறகு சர்வர் எழுந்தது, டேட்டாபேஸ் மட்டும் எழவில்லை. ஸ்கிரிப்டோ "ஏற்கெனவே ஓடுகிறது" என்று சாதித்தது. பார்த்தால், டேட்டாபேஸின் பிராசஸ் எண்ணைக் குறித்து வைத்த பழைய பிஐடி கோப்பு அழியாமல் கிடக்கிறது. அதிலிருந்த எண் இப்போது, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானுக்குப் போயிருக்கிறது. அந்த எண்ணில் யாரோ உயிரோடு இருக்கிறார்கள், ஸ்கிரிப்டுக்கு அது போதும். சிஸ்டம்டி சர்வீஸின் பிராசஸ்களை சிகுரூப் என்ற கெர்னல் குழுவில் போட்டு வைப்பதால் இந்த ஆள்மாறாட்டம் நடக்காது.

ஆனால் அன்று அதைக் கண்டுபிடிக்க எனக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஸ்கிரிப்டை விஐ எடிட்டரில் திறந்து, நடுவே ரெண்டு எக்கோ (திரையில் எழுதிக் காட்டும் கட்டளை) போட்டேன், தெரிந்துவிட்டது. சிஸ்டம்டியே முரண்டு பிடித்தால் அப்படித் திறந்து பார்க்க முடியாது. அந்த வசதி போனதில் எனக்கு இன்னும் கொஞ்சம் வருத்தம்தான்.

உங்கள் கணினி மெதுவாக எழுந்தால் டெர்மினலில் சிஸ்டம்டி-அனலைஸ் பிளேம் (systemd-analyze blame) கட்டளையை ஓட்டிப் பாருங்கள், எந்த சர்வீஸ் எவ்வளவு நேரம் எடுத்தது என்று பட்டியலிடும். என் மடிக்கணினியில் பட்டியலின் உச்சியில் இருந்தது நெட்வொர்க் இணைப்புக்காகச் சும்மா காத்திருக்கும் சர்வீஸ். அதுவும் கம்பைல் செய்த நிரல்தான்.