குடியும் தற்கொலை எண்ணமும்: கேள்வி பதில்

கேள்வி: தம்பி குடித்தால் மட்டும் "செத்துப்போறேன்" என்கிறான். விடிந்தால் ஒன்றுமே நடக்காதது போல இருக்கிறான். பெரிதாக எடுத்துக்கொள்ளணுமா?

பதில்: கட்டாயம். தெளிவாக இருக்கும்போது அடக்கி வைத்திருப்பதைப் போதையில் கொட்டலாம். அதே நேரம் பின்விளைவை யோசிக்கும் திறனும் குறைந்துபோகிறது. அந்தச் சில மணி நேரம்தான் ஆபத்து. தனியே விடாதீர்கள். வீட்டிலுள்ள மாத்திரைகளை அப்புறப்படுத்துங்கள். அப்போது உபதேசம் வேண்டாம், காதில் ஏறாது. காலையில் தெளிந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து, "நேத்து சாகணும்னு சொன்னியே, இப்பவும் அப்படித் தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. பேச ஒருவர் கிடைத்தாரே என்று பலருக்கும் பாரம் குறையும். பிறகு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

கேள்வி: இன்றோடு நிறுத்தச் சொல்லி அறையில் பூட்டிவிட்டால்?

பதில்: வேண்டவே வேண்டாம். தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். 2, 3 நாளில் குழப்பமும் நடுக்கமும் முற்றி உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்துங்கள்.

கேள்வி: மனச்சோர்வு மாத்திரையோடு கொஞ்சம் குடிக்கலாமா?

பதில்: கூடாது. குடிப்பதை மருத்துவரிடம் மறைக்கவும் கூடாது.

கேள்வி: முதல் பதிலை ஏற்க முடியவில்லை. மிரட்டத்தான் சொல்கிறார்கள். கண்டுகொண்டால் அதுவே பழக்கமாகிவிடும்.

பதில்: மிரட்டல் என்றே வைத்துக்கொள்வோம். கேட்ட பணத்தைக் கொடுக்க வேண்டியதில்லை, பாட்டில் வாங்கித் தர வேண்டியதில்லை. "பணம் தரமாட்டேன், உன்னைத் தனியாவும் விடமாட்டேன்" என்று சொல்லலாமே? எது மிரட்டல், எது நிஜம் என்று வெளியிலிருந்து பிரித்துச் சொல்ல எனக்கே முடியாது. பலமுறை சொன்னவர் செய்யமாட்டார் என்பதும் தவறு. முன்பு முயன்றவருக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

கேள்வி: சிகிச்சை முடிந்து வந்துவிட்டார். இனிக் கவலையில்லைதானே?

பதில்: முதல் சில வாரங்கள்தான் மிகவும் கவனம் தேவை. கடன், அவமானம், முறிந்த உறவு எல்லாம் தெளிந்த கண்ணுக்கு ஒரேயடியாகத் தெரியும். ஹெராயின் போன்ற போதைப்பொருளை விட்டவருக்கு உடலின் தாங்குதிறன் குறைந்திருக்கும், பழைய அளவே உயிரைப் பறிக்கலாம். ஒருநாள் சறுக்கினால் திட்டாதீர்கள், மறுபடி சிகிச்சைக்கு அழைத்துப்போங்கள்.

கேள்வி: போதையில் உளறுவதை நம்பலாமா?

பதில்: மறுபடியும் அதேதான். முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: குடிப்பவன் நான்தான். ராத்திரியானால் அந்த எண்ணம் வருகிறது.

பதில்: கேட்டது நல்லது. இன்றிரவு தனியாக இருக்காதீர்கள். நம்பும் ஒருவரைக் கூப்பிட்டு, இங்கே எழுதியதை அப்படியே சொல்லுங்கள். மாத்திரைகளை அவரிடம் கொடுத்துவிடுங்கள். யாரும் இல்லையென்றால் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அழையுங்கள், போதையில் இருந்தாலும் பேசுவார்கள். எண்ணம் வலுத்தால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். நாளை இங்கே ஒரு வரி எழுதுங்கள், காத்திருப்பேன்.