பயணத்துக்கு எந்த மாதிரிச் சின்ன டூத் பிரஷ் வாங்கலாம்?

மடக்கு பிரஷ் பையில் இடத்தை அடைக்காது. ஆனால் வாங்கும் முன் விரித்து, தலைப்பகுதியைக் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். மூட்டு ஆடினாலோ, 'டக்' என்று பூட்டிக்கொள்ளாவிட்டாலோ வேண்டாம். நான் அவசரத்தில் வாங்கிய ஒன்று, ஓடுகிற ரயிலில் கடைவாய்ப் பல்லைத் தேய்க்கும்போது பாதியில் மடிந்து ஈறில் குத்திவிட்டது.

கைப்பிடியே மூடியாக மாறும் இரண்டு துண்டு வகை இதைவிட உறுதி. மூடியில் காற்றுத் துளை இருக்க வேண்டும். ஈரத்தோடு அடைத்து வைத்தால் கிருமி பெருகும், வாடையும் வரும். நன்றாக உதறி மூடுங்கள். அறைக்குப் போனதும் திறந்து நிமிர்த்தி வையுங்கள்.

நார் 'சாஃப்ட்' ஆகவே இருக்கட்டும். பயணத்துக்கு மட்டும்தானே என்று வருடக்கணக்கில் வைத்திருக்காதீர்கள், நார் வளைந்தால் மாற்றிவிடுங்கள்.

அப்புறம், வெளிநாட்டு விமானம் என்றால் கைப்பையில் பொதுவாக 100 மி.லி.க்கு மேற்பட்ட பேஸ்ட் டியூபை விடமாட்டார்கள், பாதி காலியாக இருந்தாலும் சரி.

என்னைக் கேட்டால், இரண்டு நாள் பயணத்துக்கு வீட்டுப் பிரஷும் பத்து இருபது ரூபாய் மூடியுமே போதும்.