இரவுச் சாப்பாட்டுக்குப் பதிலாகப் பழம்: எலும்புக்கும் கொழுப்புக்கும் அது போதுமா?

கேள்வி: எனக்கு வயது 55. மாதவிடாய் நின்று நான்கு ஆண்டுகள் ஆகின்றன. மூன்று மாதங்களுக்கு முன்பு ரத்தம் சோதித்தபோது கெட்ட கொழுப்பு, அதாவது எல்டிஎல், லிட்டருக்கு 4.3 மில்லிமோல் என்று வந்தது. பலதுறை மருந்தகத்தில் சிம்வாஸ்டாட்டின் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். தொடங்கினால் ஆயுசுக்கும் விட முடியாது என்று தோழி சொன்னதால் இன்னும் தொடங்கவில்லை. வாட்ஸ்அப்பில் வந்த ஒரு தகவலைப் படித்துவிட்டு, அன்றிலிருந்து இரவில் பழம் மட்டுமே சாப்பிடுகிறேன்: பப்பாளி, தர்பூசணி, வாழைப்பழம். நான்கு கிலோ குறைந்து இப்போது 49 கிலோ இருக்கிறேன். என் அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அதற்குப் பிறகு எழுந்து நடக்கவே இல்லை. அந்தப் பயம் எனக்குள் இருந்துகொண்டே இருக்கிறது. பழம் சாப்பிட்டால் எலும்பு பலப்படும், கொழுப்பு கரையும் என்பது உண்மையா? கால்சியம் மாத்திரையும் வேண்டுமா?
- உட்லண்ட்ஸ் வாசகி, சிங்கப்பூர்

பதில்:

அன்புச் சகோதரி, உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி கொழுப்பைப் பற்றியது இல்லை, உங்கள் அம்மாவைப் பற்றியது. அதனால் எலும்பிலிருந்தே தொடங்குகிறேன்.

உங்களைப் போலவே பலர் இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிட்டுப் பழத்துக்கு மாறியிருக்கிறார்கள். பழம் நல்லதுதான், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் நீங்கள் பழத்தைச் சாப்பாட்டோடு சேர்க்கவில்லை, சாப்பாட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பழத்தை வைத்திருக்கிறீர்கள். முன்பு இரவில் சப்பாத்தியும் பருப்பும், அல்லது மீன் குழம்பும் சோறும், படுக்கும் முன் ஒரு டம்ளர் பாலும் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அந்தப் புரதமும் கால்சியமும் மூன்று மாதமாக உங்கள் உடம்புக்குப் போகவில்லை. பப்பாளியிலும் தர்பூசணியிலும் இவை இரண்டும் மிகக் குறைவு.

எடை குறைந்ததில் உங்களுக்கு மகிழ்ச்சி இருக்கலாம். எனக்கு அதில்தான் கவலை. ஆசியப் பெண்களுக்காகவே வகுத்த ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. நம் ஊர் மருத்துவர்களும் அதைப் பயன்படுத்துகிறார்கள். மாதவிடாய் நின்ற பெண்ணின் வயதிலிருந்து அவருடைய எடையைக் கிலோ கணக்கில் கழிக்க வேண்டும், அவ்வளவுதான். விடை 20-ஐத் தாண்டினால் எலும்புத் தேய்மானத்துக்கு ஆபத்து அதிகம். 0 முதல் 20 வரை என்றால் நடுத்தரம். 0-க்குக் கீழே போனால் குறைவு. உங்களுக்கு 55-இல் 49 போக 6 வருகிறது. மூன்று மாதத்துக்கு முன்பு அது 2-ஆக இருந்தது. இரண்டுமே நடுத்தரம்தான், ஆனால் எண் போகிற திசை சரியில்லை. எடை வேகமாக இறங்கும்போது கொழுப்போடு தசையும் எலும்பும் சேர்ந்தே குறையும். நடுத்தர ஆபத்தோடு, பெற்றவருக்கு இடுப்பெலும்பு முறிந்த வரலாறும் இருந்தால், எலும்பு அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் பற்றி மருத்துவரிடம் கேட்பதே முறை. வலிக்காத சோதனை அது, சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

சரி, மாதவிடாய் நின்றதும் எலும்பும் கொழுப்பும் ஒரே நேரத்தில் ஏன் தொல்லை தருகின்றன? இரண்டுக்கும் ஈஸ்ட்ரோஜன்தான் இதுவரை காவல் இருந்தது. எலும்பு ஓய்ந்து கிடக்கும் பொருள் கிடையாது. பழைய எலும்பை அரிக்கும் செல்களும் புதிதாகக் கட்டும் செல்களும் நாள் முழுக்க வேலை செய்துகொண்டே இருக்கும். அரிக்கும் செல்களை அடக்கி வைத்திருந்த ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும், கட்டுவதைவிட அரிப்பது முந்திவிடுகிறது. மாதவிடாய் நின்ற முதல் ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில்தான் இழப்பு மிக வேகம். நீங்கள் இப்போது அந்தக் காலத்தின் நடுவில் இருக்கிறீர்கள். கல்லீரலிலும் இதே கதைதான். ரத்தத்திலிருந்து எல்டிஎல்லை இழுத்துக்கொள்ளும் வாசல்களைத் திறந்து வைக்க ஈஸ்ட்ரோஜன் உதவியது. அது குறைந்ததும் வாசல்கள் குறைகின்றன, எல்டிஎல் ரத்தத்திலேயே தங்குகிறது. ஆகவே உங்கள் 4.3-க்கு நீங்கள் சாப்பிட்ட புரோட்டா மட்டும் காரணம் என்று உங்களையே திட்டிக்கொள்ள வேண்டாம்.

இனி பழத்துக்கு வருவோம். நிறையப் பழங்களைப் பற்றி நிறையச் சொல்கிறார்கள். மாதவிடாய் நின்ற பெண்களை வைத்தே ஓராண்டு முழுக்கச் சோதித்துப் பார்த்தவற்றுள் முக்கியமானது உலர்ந்த பிளம், கடைகளில் புரூன்ஸ் என்று விற்கிறார்களே, அதுதான். அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தார் ஒரு பிரிவுப் பெண்களுக்குத் தினமும் 100 கிராம் புரூன்ஸும் இன்னொரு பிரிவுக்கு 75 கிராம் உலர்ந்த ஆப்பிளும் கொடுத்தார்கள். 2011-இல் முடிவு வெளியானது. புரூன்ஸ் சாப்பிட்டவர்களுக்கு முன்கையிலும் முதுகெலும்பிலும் அடர்த்தி மேலாக இருந்தது. 2022-இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம் 235 பெண்களை வைத்துச் செய்த ஆய்வு எனக்கு இன்னும் பிடித்தது, ஏனென்றால் அதில் அளவு நம்மால் முடிகிற அளவு. தினமும் 50 கிராம், அதாவது ஐந்தாறு பழம், சாப்பிட்டவர்களின் இடுப்பெலும்பு அடர்த்தி ஏறக்குறைய அப்படியே நின்றது. புரூன்ஸ் சாப்பிடாத பிரிவுக்கு ஓராண்டில் சுமார் 1.1 விழுக்காடு குறைந்தது. 100 கிராம் சாப்பிடச் சொன்ன பிரிவிலோ பத்தில் நான்கு பேர் பாதியிலேயே விலகிவிட்டார்கள். தினமும் பத்துப் பன்னிரண்டு புரூன்ஸ் என்றால் யாருக்கும் சலிக்கும், வயிறும் ஒத்துழைக்காது.

இங்கே ஒரு சொல்லைக் கவனியுங்கள்: ‘அப்படியே நின்றது’. வாட்ஸ்அப் தகவல் ‘எலும்பு பலப்படும்’ என்கிறது. ஆய்வு சொல்வது, இறக்கம் மெதுவாகிறது என்பதைத்தான். உங்கள் வயதில் அதுவே பெரிய லாபம், ஆனால் இரண்டும் ஒன்று கிடையாது. இன்னொன்றையும் அந்தத் தகவல் சொல்லாது. 2011 ஆய்வில் எல்லாப் பெண்களுக்கும் பழத்தோடு தினமும் 500 மில்லிகிராம் கால்சியமும் வைட்டமின் டி-யும் கொடுத்தார்கள். பழத்தைத் தனியாக நம்பச் சொல்லவில்லை.

அது எப்படி வேலை செய்கிறது என்றால், புரூன்ஸில் உள்ள பாலிஃபீனால் என்ற பொருள்கள் உடம்பில் மெல்ல எரியும் அழற்சியைத் தணிக்கின்றன என்பதும், அந்த அழற்சிதான் எலும்பை அரிக்கும் செல்களைத் தூண்டிவிடுகிறது என்பதும் ஆய்வாளர்களின் விளக்கம். பொட்டாசியமும் வைட்டமின் கே-யும் அதில் உண்டு. கொய்யா, ஆரஞ்சு, பப்பாளியில் உள்ள வைட்டமின் சி, எலும்புக்குச் சட்டமாக நிற்கும் கொலாஜன் உருவாகத் தேவை.

நம் ஊரில் ஒரு குழப்பம் நேரும், அதையும் சொல்லிவிடுகிறேன். ‘உலர்ந்த பிளம்’ என்றதும் சிலர் ‘அசாம் போய்’ என்ற பெயரில் விற்கும் புளிப்புப் பிளத்தை வாங்கி வந்துவிடுகிறார்கள். அது உப்பில் ஊறியது. உப்பு அதிகமானால் சிறுநீரில் கால்சியமும் சேர்ந்து வெளியேறும், ரத்த அழுத்தமும் ஏறும். உணவங்காடி நிலையத்தில் கொய்யா வெட்டிக் கொடுக்கும்போது அந்தப் பிளம் பொடியைத் தூவித் தருவார்களே, அதையும் வேண்டாம் என்று சொல்லுங்கள். கொய்யா வெறுமனே சாப்பிட்டாலே ருசி.

கொழுப்புக்குப் பழம் உதவும் வழி வேறு. ஆப்பிள், கொய்யா, ஆரஞ்சு, பேரிக்காயில் பெக்டின் என்ற கரையும் நார்ச்சத்து இருக்கிறது. குடலில் அது கூழ்போல ஆகிப் பித்தநீர் அமிலங்களைப் பிடித்து வெளியே கொண்டுபோகும். குறைந்த பித்தநீரை ஈடுகட்டக் கல்லீரல் ரத்தத்திலிருந்து கொழுப்பை எடுத்துக்கொள்ளும். மேலே சொன்ன உலர்ந்த ஆப்பிள் பிரிவில் ஆறு மாதத்தில் எல்டிஎல் 24 விழுக்காடு குறைந்தது. கேட்கவே ஆசையாக இருக்கும். ஆனால் அந்த ஆய்வில் பழமே சாப்பிடாத பிரிவு ஒன்று இல்லை, அதனால் இதே அளவு உங்களுக்கும் இறங்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். தினமும் 5 முதல் 10 கிராம் கரையும் நார்ச்சத்துக்கு எல்டிஎல் சுமார் 5 விழுக்காடு குறையும் என்பதே மருத்துவர்கள் வைக்கும் பொதுக் கணக்கு. சிம்வாஸ்டாட்டின் போன்ற ஸ்டாட்டின் வகை மாத்திரை 30 விழுக்காட்டுக்கும் மேல் குறைக்கும். காய்ச்சலுக்கு ரசம் வைத்துக் கொடுப்பதற்கும் மருந்து கொடுப்பதற்கும் உள்ள தூரம்தான். இரண்டும் தேவைப்படலாம்.

அதனால் மாத்திரையைப் பற்றித் தோழியிடம் கேட்டதை எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே கேளுங்கள். இன்னும் தொடங்கவில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள், அவர் கோபிக்க மாட்டார். ரத்த அழுத்தம், சர்க்கரை, குடும்ப வரலாறு எல்லாம் பார்த்து, தேவையா, எவ்வளவு காலம் என்று அவரால்தான் சொல்ல முடியும். தொடங்குவதாக இருந்தால் ஒரு பழத்தை மறந்துவிட வேண்டும். பொமெலோ, நம் வீட்டில் பம்பளிமாஸ் என்போமே, அதுவும் அதன் உறவான கிரேப்ஃபுரூட்டும் சிம்வாஸ்டாட்டினைக் குடலில் உடைக்கும் நொதியைத் தடுத்துவிடும். மருந்து ரத்தத்தில் அளவுக்கு மீறிச் சேர்ந்து தசைவலி, அதைவிட மோசமான தசைச் சிதைவுகூட வரலாம். சீனப் புத்தாண்டிலும் இலையுதிர்கால விழாவிலும் அக்கம்பக்கத்துச் சீன நண்பர்கள் அன்போடு பொமெலோ தருவார்கள். வாங்கிக்கொள்ளுங்கள், வீட்டில் மற்றவர்கள் சாப்பிடட்டும். சில ஸ்டாட்டின்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, அதையும் மருந்தாளரிடம் கேட்கலாம். சாதாரண ஆரஞ்சு சாப்பிடலாம்.

எவ்வளவு பழம்? சுகாதார மேம்பாட்டு வாரியம் சொல்வது நாளுக்கு இரண்டு பரிமாறல். ஒரு சின்ன ஆப்பிளோ ஆரஞ்சோ ஒன்று, ஒரு கீற்றுப் பப்பாளி ஒன்று, நடுத்தர வாழைப்பழம் ஒன்று. கோயிலில் இருந்து வெள்ளிக்கிழமை சீப்பாக வந்துவிட்டால் பக்கத்து வீட்டுக்கும் கொஞ்சம் போகட்டும். காலையில் தோலோடு ஒரு ஆப்பிள் அல்லது பாதிக் கொய்யா, மாலைத் தேநீரோடு ஐந்து புரூன்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். புரூன்ஸை முதல் வாரம் இரண்டில் தொடங்குங்கள், வயிறு பழகட்டும். வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து சாப்பிடுபவர்கள் மட்டும் வைட்டமின் கே காரணமாக முதலில் மருத்துவரிடம் கேட்க வேண்டும். சர்க்கரை நோய் இருந்தால் புரூன்ஸையும் பழக் கணக்கிலேயே சேர்க்க வேண்டும். சாறாகப் பிழிந்து குடித்தால் நார்ச்சத்து பெரும்பாலும் போய்விடும், சர்க்கரை மட்டும் மிஞ்சும். டுரியானில் கொலஸ்ட்ரால் இருக்கிறது என்று பயப்படுபவர்கள் உண்டு. தாவரம் எதிலும் கொலஸ்ட்ரால் கிடையாது. ஆனால் டுரியான் சர்க்கரையும் கலோரியும் நிறைந்தது, ஆசைக்கு ஓரிரண்டு சுளை போதும். எல்டிஎல்லை உண்மையில் ஏற்றுவது தேங்காய்ப்பால், நெய், கொழுப்பு இறைச்சிதான். வாரத்தில் எத்தனை நாள் தேங்காய்ப்பாலில் செய்யும் லக்சாவும் நாசி லெமாக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

கால்சியம் மாத்திரை பற்றிக் கேட்டீர்கள். உங்கள் வயதில் நாளுக்கு 1,000 மில்லிகிராம் வேண்டும். முதலில் சாப்பாட்டில் எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். ஒரு டம்ளர் பாலில் சுமார் 300 கிடைக்கும். தயிர், முள்ளோடு மென்று தின்னும் நெத்திலி, தாவ் குவா எனும் கெட்டி சோயா டோஃபு, கைலான் கீரை, முருங்கைக்கீரை, கேழ்வரகு, இவையெல்லாம் தேக்காவிலும் உங்கள் வட்டாரச் சந்தையிலும் கிடைப்பவைதான். பசலைக்கீரையில் கால்சியம் இருந்தாலும் அதிலுள்ள ஆக்சலேட் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதைக் கணக்கில் பெரிதாகச் சேர்க்க வேண்டாம். இவ்வளவுக்குப் பிறகும் பற்றாக்குறை இருந்தால் அந்தப் பற்றாக்குறைக்கு மட்டும் மாத்திரை, அதுவும் மருத்துவர் சொன்ன அளவில். வைட்டமின் டி அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். வெயிலுள்ள நாட்டில் இருக்கிறோமே தவிர, வீட்டிலிருந்து எம்ஆர்டி, எம்ஆர்டியிலிருந்து அலுவலகம் என்று நிழலிலேயே வாழ்கிறோம்.

நடைக்கு மேலே கொஞ்சம் பாரமும் வேண்டும் எலும்புக்கு. மின்தூக்கியை விட்டு இரண்டு மாடி படியேறுவது, நாற்காலியில் கை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருவது போதும், தொடங்குவதற்கு. உங்கள் குளியலறையில் வழுக்காத விரிப்பும் கைப்பிடியும் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். அம்மா அங்கேதானே விழுந்தார்.

இன்றிரவு இரண்டு சப்பாத்தி, ஒரு கிண்ணம் பருப்பு அல்லது ஒரு துண்டு மீன், கொஞ்சம் கைலான் பொரியல் சாப்பிடுங்கள். அதன்பிறகு ஒரு கீற்றுப் பப்பாளி. இந்த வாரமே பலதுறை மருந்தகத்தில் நேரம் வாங்கி, டெக்ஸா ஸ்கேனையும் மாத்திரையையும் பற்றிக் கேளுங்கள். மூன்று மாதத்தில் நான்கு கிலோ குறைந்ததையும் மறக்காமல் சொல்லுங்கள்.