டாக்டர் பதில்கள்: ஐசியூவிலிருந்து வந்தவருக்குக் கணக்கு தப்புவது ஏன்?

கேள்வி: என் கணவருக்கு வயது 54. ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறார். கால்குலேட்டரைத் தொட்டதே கிடையாது, எல்லாம் மனக்கணக்குதான். வைகாசியில் நிமோனியா முற்றி 16 நாள் ஐசியூவில் இருந்தார், அதில் 11 நாள் வென்டிலேட்டர். பிழைத்து வந்து நான்கு மாதமாகிறது. இப்போது பால் கணக்கைக் கூட்டவே மூன்று முறை தப்புகிறது. குக்கர் விசில் அடித்தால் உடம்பு தூக்கிப்போடுகிறது. தலை ஸ்கேனில் ஒன்றுமில்லையாம். போன வாரம்தான் வாயைத் திறந்தார்: “அங்கே என்னைக் கட்டிப்போட்டு லாரியில் ஏற்றினார்கள். நீ பார்த்துக்கொண்டே நின்றாய்.” நான் 16 நாளும் வாசல் பெஞ்சிலேயேதான் கிடந்தேன் டாக்டர். காத்துக் கருப்பு அண்டியிருக்கிறது, மந்திரிக்க வேண்டும் என்கிறார் நாத்தனார். என்ன செய்வது?
— ஒரு வாசகி, ஈரோடு

பதில்: காத்தும் இல்லை, கருப்பும் இல்லை என்று நாத்தனாரிடம் சொல்லிவிடுங்கள் அம்மா. அந்த லாரி எனக்குப் பழக்கமான லாரிதான். குழாயைப் பிடுங்கிவிடக் கூடாது என்று கையைத் துணியால் கட்டியிருப்பார்கள். கட்டிலோடு ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போயிருப்பார்கள். தலைக்கு மேலே டியூப்லைட்டுகள் ஓடியிருக்கும். அரை மயக்கத்தில் இருக்கிற மூளை இதையெல்லாம் கோத்து ஒரு கதை கட்டிக்கொள்ளும். டெலிரியம் என்போம். வென்டிலேட்டரில் இருப்பவர்களில் பெரும்பாலானோருக்கு வருவதுதான்.

என்னிடம் ஒரு டீச்சர் ஐசியூவில் இருந்தார். ஒரு வருடம் கழித்து பிரஷர் பார்க்க வந்தபோது சொன்னார்: “உங்க மெஷின் சத்தம் எனக்கு ரயில்வே கேட் மணி டாக்டர். எட்டு நாளும் தண்டவாளத்தில்தான் படுத்திருந்தேன்.” அந்த எட்டு நாளும் நான் அவரைப் பார்த்து, கேஸ் ஷீட்டில் ‘அமைதியாக இருக்கிறார்’ என்று எழுதியவன். கத்திக் குழாயைப் பிடுங்குபவருக்கு மட்டும்தான் குழப்பம் என்று நினைத்திருந்தேன். சத்தமில்லாத டெலிரியம்தான் அதிகம் என்று பிற்பாடுதான் புரிந்தது.

கணக்கு தப்புவதற்கு வருகிறேன். 2013-இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில், அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்து மருத்துவர்கள் 821 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். ஐசியூவிலிருந்து வந்து மூன்று மாதம் கழித்துச் சோதித்தபோது, பத்தில் நான்கு பேர் தலையில் ஓரளவு பலமாக அடிபட்டவர்கள் அளவுக்குத்தான் மதிப்பெண் வாங்கினார்கள். ஒரு வருடம் கழித்தும் மூன்றில் ஒருவருக்கு அதே நிலை. வயதானவர்கள் மட்டுமல்ல, இளையவர்களும் உண்டு. டெலிரியம் எத்தனை நாள் நீடித்ததோ அந்த அளவுக்குப் பாதிப்பும் கூடியிருந்தது. கிருமித்தொற்று, ஆக்ஸிஜன் குறைவு, தூக்கமின்மை, மிடசோலம் மாதிரி மயக்க மருந்து என்று காரணம் பல. ஐசியூவிலிருந்து வந்த பிறகும் உடம்பிலும் மூளையிலும் மனசிலும் நீடிக்கிற இந்தப் பாதிப்புக்கு ‘பிக்ஸ்’ என்று பெயரே இருக்கிறது.

ஸ்கேனில் தெரியாதது ஆச்சரியமில்லை. ஸ்கேன் கடையின் சுவரைக் காட்டும், கல்லாவில் கணக்கு சரியாக நடக்கிறதா என்று காட்டாது. அதற்கு ‘மோகா’ என்று 30 மார்க் பரீட்சை ஒன்று உண்டு, தமிழிலும் இருக்கிறது. பத்துப் பதினைந்து நிமிடம் போதும். நரம்பியல் மருத்துவரிடமோ மனநல மருத்துவரிடமோ கேட்டுச் செய்யுங்கள். தைராய்டு, பி12, ரத்தசோகை மூன்றையும் பார்த்துவிடுங்கள். தூக்க மாத்திரை ஏதாவது இன்னும் ஓடுகிறதா என்றும் சீட்டைக் காட்டுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

லாரி விஷயத்தில் “அதெல்லாம் நடக்கவே இல்லை” என்று சண்டைக்கு நிற்காதீர்கள். அவருக்கு அது நடந்தது. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். டிஸ்சார்ஜ் சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாள்வாரியாக எழுதுங்கள்: செவ்வாய் காலை குழாய் போட்டார்கள், வெள்ளிக்கிழமை ஸ்கேனுக்குக் கொண்டுபோனார்கள், நான் அன்றைக்கு எந்தப் பெஞ்சில் இருந்தேன், யார் காபி வாங்கிக் கொடுத்தார்கள் என்று. டென்மார்க், ஸ்வீடன் பக்கம் நர்ஸுகளே நோயாளிக்காக இப்படி டைரி எழுதிவைக்கிறார்கள். பயம் குறைகிறதா என்பதில் ஆய்வுகள் இரண்டு விதமாகத்தான் சொல்கின்றன. ஆனாலும் தொலைந்துபோன 16 நாளுக்கு ஒரு கணக்கு கிடைக்கும், அவரும் கணக்கு எழுதுகிறவர்தானே. அவராகக் கேட்கும்போது மட்டும் கொடுங்கள்.

குக்கருக்கு அதிர்வது மானிட்டர் அலாரத்தின் மிச்சம். அதற்கும், கூடவே வருகிற மனச்சோர்வுக்கும் நல்ல சிகிச்சை இருக்கிறது. வாழ்க்கையே வேண்டாம் என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தாலும் காத்திருக்காமல் 14416-க்குப் போன் போடுங்கள். டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் அது, தமிழிலேயே பேசலாம்.

தினமும் நடக்கட்டும். காலையில் தலை தெளிவாக இருக்கும்போது அரைமணி நேரம் பால் கணக்கு போடட்டும். கால்குலேட்டர் வைத்துக்கொள்வதில் வெட்கமில்லை. முதலாளியிடம் அரைநாள் வேலை கேளுங்கள், அவர் போட்ட கணக்கை இன்னொருவர் பார்க்கட்டும். செக்கில் கையெழுத்தும் பைக்கும் இப்போதைக்கு வேண்டாம். பலர் மெதுவாகத் தேறுகிறார்கள், சிலருக்கு முழுசாகத் திரும்புவதில்லை. நான்கு மாதத்தில் முடிவுகட்ட முடியாது.

அப்புறம், நீங்கள் எப்படித் தூங்குகிறீர்கள் என்று எழுதவே இல்லையே? பெஞ்சில் கிடந்தவர்களுக்கும் இந்தப் பயமும் மனச்சோர்வும் வரும். அவரோடு போகும்போது நீங்களும் ஒரு சீட்டு எடுத்துக் காட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: மாமியார் இப்போது ஐசியூவில் இருக்கிறார். நாங்கள் செய்யக்கூடியது ஏதாவது உண்டா?
— ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: உண்டு, மேலே சொன்ன குழப்பம் குறையத்தான் இதெல்லாம். மூக்குக்கண்ணாடியும் காது மெஷினும் வீட்டில் பத்திரமாக இருக்குமே, முதலில் அதைக் கொண்டுபோய்க் கொடுங்கள். உள்ளே விட்டால் கையைப் பிடித்து, இன்றைக்கு என்ன கிழமை, காலையா ராத்திரியா, எதற்காக இங்கே இருக்கிறார் என்று சொல்லுங்கள். நேற்றுச் சொன்னதையே சொன்னாலும் பரவாயில்லை. ராத்திரி விளக்கைக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். கை கட்டியிருந்தால் எப்போது அவிழ்ப்பீர்கள் என்று கேளுங்கள். நர்ஸ் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டாலும் கேளுங்கள்.